ஒன்பதாம் மாடிக்கு எந்த கேட்?

ராஜபாளையம்
14.11.2024

கர்த்தருக்குள் அன்பான அத்தைக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரே அடங்கிவிட்டது. உங்கள் பேத்தி ஈவா இப்போதுதான் கண்ணை மூடினாள். ஒரு கை தொட்டில் கயிற்றில் இருக்கிறது, மறு கை எழுதுகிறது. கோணல் எழுத்துக்கு அவளைத் திட்டுங்கள்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். போன வாரம் பேசினோமே, என்ன ஆயிற்று? நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று சொல்ல, யார் முதலில் வைத்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டு செத்த நேரம் கழித்து எடுத்துப் படிக்கலாம். எதிர்வீட்டு ஜானகி அம்மாளிடம் வேலை பார்க்கும் மாரிசெல்வி உங்கள் மடவார் வளாகத்துக்கு அடுத்த தெருதான். தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உங்கள் மகன் மஸ்கட்டிலிருந்து பேசினார். "அம்மாவும் நானும் பேசி முடிச்சிட்டோம். வீட்ட வாடகைக்கு விட்டுருவோம். கிறிஸ்மஸுக்கு முன்னாடி நீயும் பாப்பாவும் வில்லிபுத்தூருக்குப் போயிருங்க. நான் வர ரெண்டு வருசம் ஆகும்லா" என்றார். பேசி முடித்துவிட்டீர்களாம். இந்த வீட்டில் சமைத்து, கூட்டி, பிள்ளையோடு படுத்து எழுந்திருக்கிறவள் நான். என்னைத் தவிர எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்கள்.

அத்தை, நான் வரமாட்டேன்.

எழுதிவிட்டு, இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் பயந்தவள் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே வந்த புதிதில் பால்கனிக் கதவைப் பூட்டினேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன். கிரில் போடக் கேட்டால், கட்டடத்தின் முகப்பு கெட்டுப்போகும் என்று குடியிருப்போர் சங்கத்தில் மறுத்துவிட்டார்கள். நான் போய் கிரிக்கெட் பிள்ளைகள் கட்டும் நைலான் வலையை வாங்கி வந்து மேலிருந்து கீழ்வரை நானே கட்டினேன். செயலாளர் தங்கப்பாண்டியன் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "என்ன மேடம், மீன் பிடிக்கவா?" என்றார். "ஆமா சார், என் மீன் வெளிய துள்ளிரக்கூடாதுல்ல" என்றேன். வலை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பதினாலு மாடியைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். சஞ்சீவி மலைக்குப் போட்டியாக நிற்கிறதாம், கீழ்த்தெருவுக்கு மதியத்துக்கு மேல் வெயிலே கிடையாதாம், மேற்கே மலை தெரிந்த ஜன்னல்களில் எல்லாம் இப்போது எங்கள் சுவர்தான் தெரிகிறதாம். எல்லாம் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவள் நான். மழை விட்ட காலையில் மலை இங்கே கைக்கு எட்டுகிற மாதிரி வந்து நிற்கும். வடக்கே உங்கள் ஊர் கோபுரம் சின்னதாகத் தெரியும். "அதுக்குக் கீழ ஆச்சி இருக்காங்க" என்று ஈவாவிடம் காட்டுவேன்.

நீங்கள்தான் வரவில்லை. வீட்டுப் பிரதிஷ்டைக்கும் வரவில்லை. ஆகஸ்டில் அவளுடைய முதல் பிறந்தநாளுக்காவது வருவீர்கள் என்று, கேக்கை வெட்டாமல் விளக்கு வைக்கும்வரை காத்திருந்தேன். இவ்வளவு ரோஷம் ஆகாது அத்தை.

உங்கள் மருமகள்,
ஷெரின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.11.2024

மருமக ஷெரினுக்கு அத்தை தங்கபாய் எழுதுறது. ஆண்டவர் கிருபையால நான் சொகம். பேத்திக்காகத் தெனமும் ஜெபம் பண்ணுதேன். உனக்கும் சேத்துத்தான் பண்ணுதேன், ஆனா உனக்குப் பண்ணும்போது செத்த நேரம் கூடுதலா ஆகுது.

எட்டாங் கிளாஸோட பேனாவ மூடி வச்சவள எழுத வச்சிட்டியேட்டி. கடைய மூடிட்டு, கவுத்து வச்ச அண்டா மேல அட்டைய வச்சு எழுதுதேன். சரி, நீ எழுதுனதுக்கு ஒண்ணொண்ணா சொல்லுதேன், கேட்டுக்கோ.

பூன குட்டியக் கவ்விக்கிட்டு வீடு வீடாப் போகும்பாவ. அது தரையிலதான் போகும். ஒன்பதாம் மாடிக்குக் கவ்விக்கிட்டுப் போன பூனைய நான் உன்னயத்தான் பாக்கேன். ஆலங்குளத்துல சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸ்ல வளந்தவ, வரிசை வீடும் வேப்பமரமுமா இருந்தவ, உனக்கு எங்கேருந்து வந்துச்சு இந்த ஆகாசத்துல குடியிருக்குற ஆச?

கரண்டு போனா என்ன செய்வ? பிள்ளைக்குத் தொண்டையில ஏதாச்சும் சிக்குச்சுன்னா யார்ட்ட ஓடுவ? இங்க வாசல்ல நின்னு "ஏட்டி"ன்னு ஒரு சத்தம் குடுத்தா நாலு கதவு தொறக்கும். அங்க கதவுல முட்டக்கண்ணு மாதிரி ஒரு ஓட்ட வச்சிருக்காவளாம், அதுல பாத்துட்டுத் தொறக்கவே மாட்டாவளாம். சரி, ஒரு சாவு விழுந்துச்சுன்னு வையி. பெட்டிய எப்படிட்டி எறக்குவிய? லிஃப்டுல நட்டமா நிறுத்தியா? செத்தவன் கடைசியா நின்னுக்கிட்டே வீட்ட விட்டுப் போகணுமா?

அது மில்லு நின்ன எடம். உங்க மாமா தேவஇரக்கம் எளவயசு பூரா நூல் ஓட்டுன எடம். மில்ல மூடி, புகைபோக்கிய இடிச்சு, கடைசியில அதுமேல கட்டில் போட்டுப் படுக்கிய. என் மகனுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு எனக்கு இன்னும் ஆறல. பஸ்ஸு ராசபாளையத்துக்குள்ள நொழையுமுன்ன அதுதான் மொதல்ல கண்ணுல படுது. நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிடுவேன். கண்டக்டர் கேக்கான், "என்ன ஆச்சி, கழுத்துல சுளுக்கா?"

வார சனிக்கிழம பல் டாக்டர் விக்னேஷ்வரன் வீடு பாக்க வருதாரு, சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு. நல்ல மனுசன், அவிய தங்கச்சி கல்யாணத்துக்கு நம்ம கடையிலதான் வாடகைக்குப் பாத்திரம் எடுத்தாரு. ஒழுங்கா வீட்டக் காட்டு. மொகத்த உம்முன்னு வச்சிக்கிடாத.

ரோஷத்தப் பத்தி நீ எனக்கு எழுத வேண்டாம்.

தங்கபாய்


ராஜபாளையம்
24.11.2024

அன்பான அத்தைக்கு ஸ்தோத்திரம்.

பல் டாக்டர் நேற்று வந்தார். நீங்கள் சொன்னபடி முகத்தைச் சிரித்த மாதிரிதான் வைத்திருந்தேன். அவர் மனைவி ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருமா?" என்றார். "வரும்க்கா, கொடியில போட்ட சட்டை எதிர்வீட்டுக்குக் குடிபோயிரும்" என்றேன். டாக்டர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், சொத்தைப் பல்லைத் தட்டுகிற மாதிரியே.

"எப்ப காலி பண்ணுறீங்கம்மா?"

"நான் காலி பண்ணலையே சார்."

"அம்மா அப்படித்தானே சொன்னாங்க?"

"அப்ப அம்மா இருக்கிற வீட்டக் கேட்டுப் பாருங்க. அதுவும் காலி ஆகாது."

அவர் சிரித்துவிட்டார். "மாமியா மருமக விவகாரத்துல கை வைக்கிறதுக்கு நான் படிக்கலம்மா, எனக்குப் பல்லு மட்டும்தான்" என்று சொல்லி, ஈவா வாயைத் திறந்து பார்த்து, பல்லெல்லாம் நன்றாக முளைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உங்களிடம் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

கரண்ட் போனால் என்ன செய்வாய் என்று கேட்டீர்கள். போயிருக்கிறது அத்தை. போன மாத மழையில், சாயங்காலம், ஈவாவுக்குக் காய்ச்சல் கொதித்த அன்று லிஃப்ட் நின்றுவிட்டது. ஜெனரேட்டரும் ஓடவில்லை. பயப்படுவீர்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. அவளை நெஞ்சோடு துண்டில் சுற்றிக்கொண்டு படியில் இறங்கினேன். இரண்டு மாடிக்கு மேல் இறங்க முடியவில்லை. இருட்டில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். சத்தமாகவே அழுதேன். மேலே கதவு திறக்கிற ஓசை கேட்டது. ஜானகி அம்மாள் டார்ச்சோடு ஓடி வந்து, "ரா தல்லி, ரா" என்று, வாம்மா வா என்பதைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்தது. ஒவ்வொருவரும் போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், பேர்கூடத் தெரியாதவர்கள். கீழே போய்ச் சேர்ந்தபோது ஜானகி அம்மாளின் மகன் காரை எடுத்து வைத்திருந்தான்.

கதவில் ஓட்டை இருப்பது உண்மைதான். ஆனால் கதவும் இருக்கிறது. அழுதால் திறக்கிறார்கள். அதற்கு முன்னால் நான்தான் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை.

இப்போது என் கதவையும் தட்டுகிறார்கள். சாயங்காலம் ஆனால் இந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் கணக்கு நோட்டோடு ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு உங்கள் வீட்டில் நான் அண்டாவில் பெயின்டால் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். தப்பாகச் சொல்லவில்லை, நீங்கள் என்னை வேலை ஏவியது கிடையாது, நானாகத்தான் செய்தேன். ஆனால் அங்கே நான் ஜோயல் சம்சாரம். இங்கே பிள்ளைகள் "ஷெரின் மிஸ் இருக்காங்களா?" என்று கேட்டு வருகிறார்கள். அந்தப் பேர் எனக்கு வேண்டும் அத்தை. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மில் இடத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் மகன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே வந்து நின்று பார்த்தவர் அவர். மஸ்கட்டில் ஊரான் கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுகிறவர், இங்கே ஒரு வீட்டை ஏன் பிடிவாதமாக வாங்கினார் என்று நானும் கேட்டேன். பில்டர் பழைய மில் கேட்டின் கல் தூண் இரண்டையும் இடிக்காமல் வெள்ளையடித்து வைத்திருக்கிறார். வீடியோ காலில் வந்தால், "பால்கனிக்குப் போ, கீழ கேட்டக் காட்டு" என்பார். "எங்கப்பா அந்தத் தூணுக்கு வெளிய நின்னாரு. என் பிள்ள அதுக்கு மேல நின்னு பாக்கணும்" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். இது மறந்துபோனவர் பேச்சு மாதிரியா இருக்கிறது?

இத்தனைக்குப் பிறகும் உங்களுக்கு இங்கே வர என்ன தடை? கால்வலியா? லிஃப்டில் ஏறப் பயமா? நான் வந்து கைபிடித்துக் கூட்டி வருகிறேன். உள்ளதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஷெரின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.11.2024

ஷெரினுக்கு,

உள்ளதச் சொல்லச் சொன்ன. சொல்லுதேன். இதுக்குப் பொறவு இதப் பத்திக் கேக்கக்கூடாது.

நான் வந்தேன்.

பேத்தி பொறந்தநாளு அன்னைக்கு, கோவத்த எல்லாம் விட்டுட்டு வந்தேன். முந்திரிக்கொத்து சுட்டு, சூடு ஆறுமுன்ன தூக்குவாளியில அடுக்கி, உன்ட்டயும் சொல்லாம எம்மவன்ட்டயும் சொல்லாம, திடுதிப்புன்னு கதவத் தட்டணும்னு வந்தேன். அவசரத்துல போனக் கடையிலயே விட்டுட்டேன். அந்தத் தூணுக்குப் பக்கத்துல வந்ததும் ஒரு பய குறுக்க கையப் போட்டான். "பாட்டி, வேலைக்கு வாரவங்க எல்லாம் சைடு கேட்டு"ன்னான். நான் வேலைக்கு வரல தம்பி, ஒன்பதாம் மாடிக்குப் போறேன்னேன். "ஒன்பதாம் மாடி வேலைக்கும் சைடு கேட்டுதான்"னான். பின்னால ஒரு காரு ஆரன் அடிக்குது. நான் ஒதுங்கினேன்.

சைடு கேட்டுக்கும் போனேன். அங்க இருந்தவன் அட்டையக் காட்டுங்கான். அட்ட இல்ல. அப்ப வீட்டு நம்பரச் சொல்லுங்கான். மகன் வீட்டு நம்பரு எனக்குத் தெரியலட்டி. பிரதிஷ்டைக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும், வரலையே. வேல முடிஞ்சு வந்த பிள்ள ஒருத்தி என் மொகத்தப் பாத்துட்டு, உக்கார வச்சுத் தண்ணி குடுத்து, யார் வீட்டுக்கு வந்தீகன்னு கேட்டா. அவதான் மாரிசெல்வி. உன் பேரச் சொல்லியிருந்தா கூட்டிக்கிட்டுப் போயிருப்பா. நான் சொல்லல. வேலைக்காரின்னு நெனச்சு வெரட்டுனானேன்னு இல்ல. வேலை பாக்குறது கொறச்சலா? நானும் பாத்திரந்தான் கழுவுதேன்.

மில்ல மூடுன வருசம் உங்க மாமாவும் மத்தவியளும் அந்தத் தூணுக்கு வெளிய ராவும் பகலும் உக்காந்திருந்தாவ. ஜோயல இடுப்புல வச்சுக்கிட்டு, இதே தூக்குவாளியில சோறு கொண்டு போவேன். ஒரு நா பொம்பளையெல்லாம் சேந்து, மேனேசரப் பாத்துப் பேசணும்னு போனோம். வாட்ச்மேன் சொன்னான், "பொம்பளைக சைடு கேட்டுக்குப் போங்க, தொறப்பாவ"ன்னு. போனோம். வெயிலு எறங்குற வரைக்கும் நின்னோம். தொறக்கவே இல்ல.

ஒரே எடத்துல ரெண்டாவது தடவையும் தொறக்காத கேட்டுக்கு முன்னால நின்னுட்டு வந்தேன். இன்னொரு தடவ என்னால ஏலாது.

ஜோயல்ட்ட சொல்லாத. அவன் வெளிநாட்டுல கெடந்து வேகுவான்.

பாத்திரத்துல இருந்தத பஸ்ஸுல பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன்.

தங்கபாய்


ராஜபாளையம்
6.12.2024

என் அன்பான அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம். உங்கள்மேல் இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் வெறும் வருத்தத்தை மட்டும் எழுதி அனுப்ப எனக்குப் பிடிக்கவில்லை. எதையாவது செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அன்றைக்கு நான் மேலேதான் இருந்தேன். பலூன் ஊதிக்கொண்டு, லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவு ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு இருந்தேன். ரோஷம் என்று எழுதினேனே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

படித்த கையோடு கீழே போனேன். முன் கேட்டில் சதீஷ் என்கிற பையன். "நான் அப்பப் புதுசுக்கா, யாரு என்னன்னு தெரியாது. பாத்திரம், பை வச்சிருந்தா சைடு கேட்னு செயலாளர் சார்தான் சொல்லியிருக்காரு" என்று அழுகிற மாதிரி நின்றான். அங்கே ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள், நான் தினமும் அதைக் கடந்துதான் போவேன்: வேலையாட்கள், பொருள் கொண்டு வருவோர் பக்கவாட்டு கேட்டையும் சர்வீஸ் லிஃப்டையும் மட்டும் பயன்படுத்த வேண்டும். ஆறு மாதமாக என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

செயலாளரிடம் போனேன். "சாரி மேடம், அந்தப் பையன இன்னைக்கே மாத்திருறேன்" என்றார்.

"பையன மாத்த வேண்டாம் சார். போர்ட மாத்துங்க."

"அது சங்கத்துத் தீர்மானம் மேடம். பொதுக்குழு கூடணும். மார்ச்லதான் கூடும். வேணும்னா ஒண்ணு செய்றேன், உங்க அத்தைக்கு ஒரு ஸ்பெஷல் பாஸ் போட்டுத் தாரேன்."

"எங்க அத்தைக்குப் பாஸ் எதுக்கு சார்? அவங்க புருசன் வேர்வை சிந்துன இடம் இது. நீங்களும் நானும்தான் பாஸ் வாங்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

அதனால் திங்கட்கிழமையிலிருந்து நான் முன் கேட்டில் நுழைவதில்லை அத்தை. கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், ஈவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சைடு கேட்டில்தான் போகிறேன், வருகிறேன். வரிசையில் நிற்கிறேன். பையைத் திறந்து காட்டுகிறேன். முதல் நாள் அங்கே சதீஷுக்கு டூட்டி. "அக்கா, என் வேலைக்கு உலை வச்சிராதீக" என்றான். "உன் வேலையத்தான செய்யச் சொல்லுதேன். பையப் பாரு" என்றேன். பார்த்தான். டயபரும் பிஸ்கட்டும் இருந்தன. அவன் காதுவரை சிவந்துவிட்டான்.

சர்வீஸ் லிஃப்டில் ஒரு பக்கம் குப்பை டிரம், ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர், நடுவில் நாங்கள். நான் ஏறினதும் உள்ளே இருந்த பெண்கள் சுவரோடு ஒட்டி ஒதுங்கி இடம் விட்டார்கள். மாரிசெல்வி என் முழங்கையைக் கிள்ளி, "வேண்டாம்க்கா, நீங்க அங்கிட்டுப் போங்க. உங்களுக்கு இது ரெண்டு நாள் வீம்பு. எங்களுக்குத்தான் பொறவு ஏச்சு விழும்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. "ரெண்டு நாள் இல்ல, பாரு" என்றேன். அவள் நம்பவில்லை. மூன்றாம் நாள்தான் லேசாக நம்பினாள், ஈவாவைத் தூக்கிக்கொண்டாள். உங்களுக்குத் தண்ணீர் கொடுத்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அப்போது கேட்டேன். "உங்க அத்தைன்னு எனக்கு எப்படித் தெரியும்? மொத கடிதாசியக் கொண்டுபோய்க் குடுத்தப்பதான் ஆளத் தெரிஞ்சுது. உங்கட்ட சொன்னா இனிமே கடிதாசி வாங்க மாட்டேன்னுட்டாக" என்றாள்.

புதன்கிழமை ஜானகி அம்மாள் பட்டுச்சேலையில் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர், காரை விட்டு இறங்கி நேராக சைடு கேட்டுக்கு நடந்தார். "நேனு கூட வஸ்தானு, நானும் வாரேன்" என்று எங்கள் நடுவில் சிலிண்டரை ஒட்டி நின்றுகொண்டார். சேலையில் அழுக்கு ஒட்டிவிட்டது. "போகட்டும், சோப்பு இருக்கு" என்றார். வியாழக்கிழமை என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் மிஸ் போகிற லிஃப்டில்தான் வருவோம் என்று ஓடி வந்துவிட்டார்கள். அதிலிருந்துதான் ரகளை. ஒரு பிள்ளையின் அம்மா, "எங்க பிள்ளைய ஏன் குப்ப வண்டியோட ஏத்துறீங்க?" என்று சண்டைக்கு வந்தார். "குப்பையோட மாரிசெல்வி ஏறலாம், உங்க பிள்ள ஏறக்கூடாதா? அப்ப குப்பைக்குத் தனி நேரம் வைங்க" என்றேன். இரண்டு பிள்ளைகளை டியூஷனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பயந்துகொண்டேதான் எல்லாம் செய்கிறேன்.

இன்று மதியம் செயலாளர் வந்தார். "மேடம், நீங்க சைடுல போறதப் பாத்து வெளிய இருந்து வாரவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். "அதத்தான் சார் நானும் கேக்கேன்" என்றேன். போர்டு இன்னும் தொங்குகிறது. ஜெயித்துவிட்டேன் என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். மார்ச் மாதப் பொதுக்குழுவில் முதல் ஆளாக எழுந்து பேசப்போகிறேன். அதற்கு நான் இந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

உங்கள் மகனிடம் கேட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. அது உங்கள் விஷயம். காலி செய்யமாட்டேன் என்பதை மட்டும் சொன்னேன். "அம்மா என்ன சொல்லுதாங்க?" என்றார். "அம்மா எழுதுவாங்க" என்றேன். அவரும் காத்திருக்கிறார்.

அத்தை, உங்களைக் கெஞ்சிக் கூப்பிடப் போவதில்லை. உங்களுக்கு அது பிடிக்காது, எனக்கும் வராது. பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, நான் ஈவாவைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு தூணுக்கும் வெளியே ரோட்டில் நிற்பேன். உள்ளே நின்று வாங்க வாங்க என்று கூப்பிட மாட்டேன், வெளியே நிற்பேன். நீங்கள் கையில் தூக்குவாளி கொண்டு வந்தாலும் சரி, அண்டாவே கொண்டு வந்தாலும் சரி. யாரிடமும் பேரோ நம்பரோ சொல்ல வேண்டாம். நம்பர் 9சி. அது நீங்கள் தெரிந்துகொள்வதற்குத்தான்.

நீங்கள் வந்தால் மூன்று பேரும் முன் கேட்டின் நடு வழியாக நடந்து போவோம். பின்னால் கார் ஆரன் அடித்தால் அடிக்கட்டும், ஒதுங்க வேண்டாம். நீங்கள் வராவிட்டால் நானும் உங்கள் பேத்தியும் சுற்றிக்கொண்டு சைடு கேட்டிலேயே ஏறிப்போவோம். மறுநாளும் அப்படித்தான். நீங்கள் வருகிறவரைக்கும் அப்படித்தான். எந்த வழியாகப் போனாலும் ஒன்பதாம் மாடிக்குத்தான் போவோம், வில்லிபுத்தூருக்கு மூட்டை கட்ட மாட்டோம்.

மாரிசெல்வி நாளைக் காலையில் உங்கள் கடைக்கு வருவாள். அவள் நிற்கும்போதே எழுதிவிடுங்கள், ஒரு வரி போதும். வருகிறீர்களா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்,
ஷெரின்